உப்புச் சோதனை

மைனஸ் முப்பத்து நான்கு.
சஸ்கடூனில் கதவுக் குமிழைத் தொட்டால்
விரல்நுனியில் பொறி கடிக்கிறது.
நிலவறையில் வெப்ப உலை
இரவெல்லாம் ஓடி
வீட்டின் ஈரத்தைக் குடித்துவிட்டு
இன்னும் தாகம் என்கிறது.
என் உதடு இரண்டு இடத்தில் வெடித்திருக்கிறது.
அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.
லைல் கேட்பதெல்லாம் கிட்டாரைப் பற்றி.

வசந்தம் வரைக்கும்தான், மார்னி, என்று
பெட்டியோடு வைத்துவிட்டுப் போனான் தம்பி,
வடக்கே எண்ணெய் மணலில் லாரி ஓட்ட.
இது மூன்றாவது பனிக்காலம்.
எனக்கு வாசிக்கத் தெரியாது.
தண்ணீர் ஊற்றத் தெரியும்.

சோப்பு டப்பாவில் ஆணியைக் காய்ச்சிப் பதினாறு துளை.
உள்ளே பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஞ்.
காய்ச்சி வடித்த நீர் மட்டும்;
எங்கள் குழாய்நீரில் சுண்ணாம்பு.
சொட்டாதபடி பிழிந்து
கம்பிகளுக்கு நடுவே, ஒலித்துளைக்குள்,
காய்ச்சல்காரன் நாவடியில் வெப்பமானி வைப்பதுபோல
தொங்கவிடுவேன்.
பிறகு மூடி. ஐந்து கொக்கி.

முதல் வருஷம் வீட்டையே நனைக்கப் பார்த்தேன்.
பெரிய ஈரமூட்டி, இரவுக்கு இரண்டு வாளி.
ஜன்னல்கள் அழுது, அழுதது உறைந்து,
சட்டமெல்லாம் கறுப்புப் பூஞ்சை.
கிட்டாருக்கு வேண்டியதை வீடு தாங்காது.
ஆகவே பெட்டிக்குள் மட்டும்
ஒரு சின்ன ஜூன் மாதம்.

ஞாயிறு எட்டு மணிக்கு அழைப்பான்.
எவ்வளவு?
நாற்பத்தைந்து.
சரி.
நீ எப்படி இருக்கிறாய்?
நன்றாக இருக்கிறேன்.
சரி.

பிப்ரவரியில் தூசி துடைக்கையில்
கழுத்தோரம் விரலை ஓட்டினேன்.
ஃபிரெட் முனைகள் மீன்முள்ளாய்க் குத்தின.
மரம் சுருங்கியிருக்கிறது, உலோகம் சுருங்கவில்லை.
அடிக்கட்டைக்குக் கீழே
ஒரு கோடு.
என் தலைமுடி என்று நினைத்து ஊதினேன்.
போகவில்லை.

ஒஸ்டாப் பல் வைத்தியரின் குட்டிக் கண்ணாடியை
உள்ளே விட்டுப் பார்த்தார்.
ஒட்டிவிடலாம், தழும்பு தெரியும், என்றார்.
மானி நாற்பத்தைந்துதான் காட்டியது, என்றேன்,
பரீட்சையில் தோற்ற பிள்ளையின் குரலில்.
காட்டியது சரி,
அது நிஜமா என்று எப்போதாவது பார்த்தாயா?

பாட்டில் மூடி நிறையச் சமையல் உப்பு.
கரைந்துவிடாமல், சேறாகும் அளவுக்குச் சில சொட்டு.
மானியோடு ஒரு பையில் போட்டுக்
காற்றுப் புகாமல் கட்டு.
எட்டு மணி நேரம் தொடாதே, என்றார்.
ஈர உப்பின் பக்கத்துக் காற்று எழுபத்தைந்து.
எந்த ஊரானாலும் எழுபத்தைந்து.

காலையில் மானி எண்பத்தெட்டு என்றது.

பதின்மூன்றைக் கழித்தேன்,
இந்த வாரத்திலிருந்து, போன வாரத்திலிருந்து,
மூன்று பனிக்காலங்களிலிருந்து.
முப்பத்திரண்டு.
அது கூசாமல் சொல்லியிருக்கிறது.
நானும் கூசாமல் வாங்கி
வடக்கே அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிறு.
எவ்வளவு?
முப்பத்திரண்டு, என்றேன். எப்போதுமே அதுதானாம்.
வெடித்துவிட்டது, லைல். ஓரங்குலம்.

அந்தப் பக்கம் லாரி எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.
அங்கே மைனஸ் நாற்பத்தொன்று,
அணைத்தால் விடியும்வரை கிளம்பாது.
பரவாயில்லை, என்றான்.

நீ எப்படி இருக்கிறாய்?
நன்றாக இருக்கிறேன்.

நான் சரி சொல்லவில்லை.
போனை மேஜைமேல் கிடத்தினேன், துண்டிக்காமல்.
ஸ்பான்ஞ்சை நனைத்தேன். பிழிந்தேன்.
மேஜை துடைக்கவில்லை, இருமவில்லை,
ஹலோ சொல்லவில்லை.
பதினொரு நிமிடம்
தொடாமல் இருந்தேன்.

மார்னி, இருக்கிறாயா?
இருக்கிறேன்.

எஞ்சினை அணைக்கும் சத்தம் கேட்டது.